தொரை பங்களாவுக்கு இரண்டு செம்பில் வந்த அம்மா

என் ராசாத்தி அம்மாவுக்கு,

உன் கடைக்குட்டி கற்பகம் எழுதுகிறேன். நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. திவ்யாவின் கல்யாணம் முடிந்தது. உன் இரண்டு பிள்ளைகளும் ஒரே பந்தியில், பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியண்ணன் இலையில் இருந்த அப்பளத்தைச் சின்னண்ணன் எடுத்து நொறுக்கிக்கொண்டான், பெரியண்ணன் விட்டுக்கொடுத்துவிட்டான். இதை நடத்திக் காட்டியது யார் என்று கேட்பாய். நான்தான். அடக்கமாகப் பேச எனக்கு வராது என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. உன்னைத் தொரை பங்களாவுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். பின்கட்டு வழியாக இல்லை. முன்வாசல் வழியாக, பம்பை அடித்து.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை, நாலு பேர் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் நடுநடுவே சொல்லிக்கொண்டு போவேன். சலித்துக்கொள்ளாதே.

திண்டிவனத்தில் இருந்து மயிலம் போகிற வழியில், ஏரிக்கரைக்குக் கீழே புளியமரங்களுக்கு நடுவில் ஒரு வீடு இருக்கிறது. தண்டவாளம் போட வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் கட்டிக் குடியிருந்தது என்பார்கள். ஊரில் எல்லாருக்கும் அது தொரை பங்களா. பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் நீ ஜன்னல் பக்கம் சாய்ந்துகொள்வாய். "ஒத்த ஆளுக்கு எதுக்குடி இத்தினி கதவு? எதச் சாத்தினோம், எதச் சாத்தலன்னு அவனுக்கு ஞாபகம் இருந்திருக்குமா?" என்பாய். ராத்திரியில் தனியாகப் படுக்க அவன் பயந்திருப்பானா என்று ஒரு தடவை கேட்டாய். எனக்குத் தெரியவில்லை அம்மா. அங்கே படுத்து எழுந்து வந்த பிறகும் தெரியவில்லை.

நான் வாடகைப் பாத்திரக் கடை வைத்த புதிதில், அந்தப் பங்களாவில் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்துக்கு அண்டாவும் நாற்காலியும் ஏற்றிக்கொண்டு போனோம். நீயும் குட்டியானை வண்டியில் எனக்கும் உன் மாப்பிள்ளைக்கும் நடுவில் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாய். சாமான்களைச் சமையல் பக்கம் இறக்கச் சொன்னார்கள். நீ பின்கட்டுக் கதவோரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாய். போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தால் யாரும் வேண்டாம் என்றிருக்க மாட்டார்கள். நீ கேட்கவில்லை. திரும்பி வரும்போது, "உள்ள குளுகுளுன்னு இருக்குதுடி. ஒரு நாளு நம்ம எல்லாரும் அங்க பாயப் போட்டுப் படுத்துப் பாக்கணும்" என்றாய்.

எல்லாரும் என்றாய். அதில்தான் வம்பே.

நீ படுத்த படுக்கையான பிறகு பெரியண்ணன் வீட்டில்தான் இருந்தாய். விழுப்புரத்துக்கு என்னோடு வா, பெரிய டாக்டரிடம் காட்டுகிறேன் என்று சின்னண்ணன் வந்து வந்து கூப்பிட்டான். நீ போகவில்லை. "மாடி வீடு, எனக்கு ஒத்துக்காது. மண்ணுல கால் படாம எப்படிடி இருக்கிறது" என்று என்னிடம் சொன்னாய், பெரியண்ணியிடம் சொன்னாய். கூப்பிட வந்தவனிடம் மட்டும் சிரித்துவிட்டு, "பெரியவனக் கேளு" என்று அனுப்பிவிட்டாய். ஏன் அம்மா அப்படிச் செய்தாய்? அவன் மனசு நோகக் கூடாது என்றா? அவனிடம் நேராக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அது எங்கே போய் முடிந்தது என்பதை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நீ போன அன்றைக்கு, உன்னைப் பாடையில் தூக்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு, ஊர்ச் சனம் பூராவும் பந்தலில் நிற்கும்போது, சின்னண்ணன் பெரியண்ணனைப் பார்த்துச் சொன்னான்.

"எங்கிட்ட உட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாளு இருந்திருக்கும். நீதான் புடிச்சு வெச்சுகின."

படுக்கையில் உன்னைத் தூக்கி உட்கார வைத்தவன் பெரியண்ணன். துடைத்து விட்டவள் அவன் பெண்டாட்டி. அந்த வார்த்தை அவனை என்ன செய்திருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குத் தம்பியோடு பேச்சை நிறுத்தியவன்தான். அப்பாவும் உன் பின்னாலேயே வந்துவிட்டாரே, அந்தக் காரியத்தில்கூட இரண்டு பேரும் பந்தலின் இரண்டு மூலையில் நின்றார்கள். என்னிடம் மட்டும் பெரியண்ணன் ஒரு தடவை வாய் திறந்தான். "ஊரு முன்னால சொன்னான். ஊரு முன்னாலதான் அத்த எடுத்துக்கணும்" என்றான்.

சின்னண்ணனோ சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. உன் பிள்ளைகள்தானே, யார் போல இருப்பார்கள்?

இந்த நிலைமையில்தான் சின்னண்ணன் பெண் திவ்யாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன், காணை ஊர்ப் பக்கம், சிரித்த முகம். எல்லாம் பேசி முடித்த பிறகு பூவாடைக்காரி படையல் வந்து நின்றது. நம் பக்கத்தில் பூவும் பொட்டுமாகப் போன பெண்தான் வீட்டுத் தெய்வம். கல்யாணம் என்றால் முதலில் அவளை அழைக்க வேண்டும். கிணற்றிலோ ஆற்றிலோ செம்பில் தண்ணீர் எடுத்து, பூச்சுற்றி, பம்பை அடித்து, வா தாயே என்று வீட்டுக்குக் கொண்டு வந்து, புதுப் புடவை வைத்துப் படைத்து, அவள் சரி என்ற பிறகுதான் மற்ற வேலை. நீ போன பிறகு நம் வீட்டில் நடக்கிற முதல் கல்யாணம் இது. அதாவது நீ தெய்வமாக வருகிற முதல் தடவை.

எந்த வீட்டுக்கு வருவாய்?

"எங்கூட்டுலதான் உயிர் போச்சு. எங்கூட்டுக்குத்தான் வரும்" என்றான் பெரியண்ணன். "கல்யாணம் எம்பொண்ணுக்கு. எங்கூட்டுக்குத்தான் வரணும்" என்றான் சின்னண்ணன். இரண்டு பேரும் இதை என்னிடம்தான் சொன்னார்கள். நான் ஒரு போஸ்ட் கம்பம் மாதிரி நடுவில் நின்றேன். படையல் வேறு எங்காவது நடந்தால் கல்யாணத்துக்கே வர மாட்டேன் என்று பெரியண்ணன் முடித்துவிட்டான். அதைக் கேட்ட திவ்யா அவள் அப்பாவிடம் சத்தம் போடாமல் சொன்னாள்: "பெரியப்பா வரலன்னா நான் மணையில ஒக்கார மாட்டேன்பா. நீ யார வெச்சு வேணா கல்யாணம் பண்ணிக்கோ." அம்மா, அவள் உன் பேத்தி. குரல்கூட உன் குரல்.

பத்திரிகை அடித்தாகிவிட்டது. மண்டபம் பேசியாகிவிட்டது. என் கடையில் இருந்துதான் எல்லாப் பாத்திரமும் போக வேண்டும், ஆனால் கல்யாணம் உண்டா இல்லையா என்று எனக்கே தெரியாது.

எத்தனை குடும்பத்துச் சண்டைக்கு நடுவில் அண்டா இறக்கியிருக்கிறேன். ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டில் ஒத்துக்கொள்ளாததை, பெண் வீட்டில் ஒத்துக்கொள்ளாததை, மண்டபத்தில் ஒத்துக்கொள்வார்கள். அங்கே யாருக்கும் தன் வீட்டுத் தூண் கிடையாது, சாய்ந்துகொண்டு வீம்பு பேச. அதை யோசித்துக்கொண்டே கடையில் உட்கார்ந்திருந்தேன். தொரை பங்களா நினைவுக்கு வந்தது. யாரோ அதை வாங்கிப் பழுது பார்த்து, குடும்பத்தோடு வந்து தங்குகிறவர்களுக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்கே போய்ப் பேசிவிட்டு, பெரியண்ணனுக்குப் போன் போட்டேன்.

"சாமிய லாட்ஜுலயாடி அழைப்பாங்க?" என்றான்.

"லாட்ஜு இல்லண்ணா. தொரை பங்களா. அம்மா உள்ள போய் பாக்கணும்னு ஆசப்பட்ட எடம்."

லாட்ஜை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனான்.

"அவன் வர்றானா?"

"அவம்பொண்ணு கல்யாணத்துக்குப் படையல். வராம எங்க போவான்?"

"சரி. நான் அம்மாவுக்காக வர்றேன். அவங்கிட்ட பேச மாட்டேன்."

"ஒன்ன யாரு பேசச் சொன்னாங்க. ஒரு நாள் தங்குற மாதிரி துணி எடுத்துகினு வா."

சின்னண்ணன் முதலில் எகிறினான், ஏசி உண்டா என்று கேட்டான், பிறகு அவனும் சரி என்றான். இரண்டு பேரும் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்ட மிதப்பில் கோட்டை விட்டேன்.

பங்களாவைப் பார்த்துக்கொள்கிறவள் பெயர் ரீட்டா. திண்டிவனத்துக்காரி, என் வயசு இருக்கும், மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிறவள். சாவியைக் கொடுக்கும்போதே சட்டம் சொன்னாள். "மேடம், தரை ஃபுல்லா அந்தக் காலத்துப் பலகை. கற்பூரம், அடுப்பு எல்லாம் வெராண்டாவுல மட்டும்தான். அங்க கல்லு. மேளம் வேணா அடிச்சுக்கோங்க, பொழுது எறங்கினதும் நிறுத்திடுங்க. செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது." படையல் போடுகிற வீட்டில் ஆணி எதற்கு என்று நான் கேட்டேன். "போன வாரம் வந்தவங்க அடிச்சாங்க மேடம்" என்றாள்.

உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். சுவர் நம் ஊர்ச் சுவரில் இரண்டு மடங்கு தடிமன். நடுவில் பெரிய கூடம், இந்தப் பக்கம் இரண்டு அறை, அந்தப் பக்கம் இரண்டு அறை. உத்தரம் எங்கேயோ உயரத்தில் இருக்கிறது, அதில் இருந்து நீளமான கம்பியில் ஃபேன் தொங்குகிறது. கதவெல்லாம் சாய்வுப் பலகை வைத்தது, மூடினாலும் காற்று வரும். வெயில் உள்ளே வந்து முட்டி போட்டு நிற்கிறது, அதற்கு மேல் ஏறுவதில்லை. நீ சொன்ன மாதிரியே குளுகுளுவென்று இருந்தது. குளிக்கிற அறையில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத் தொட்டி. பெரியண்ணி அதைப் பார்த்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு, படையலுக்கு வந்த வாழையிலை அத்தனையையும் அதில் போட்டுக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். ரீட்டா வந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். அவள் சட்டத்தில் வாழையிலை இல்லை.

ஆனால் இதெல்லாம் வாசலில் நடந்த கூத்துக்குப் பிறகு. அதைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன் பார்.

நான் போட்ட திட்டம் இது. பங்களாவுக்குப் பின்னால் தொரை வெட்டிய கிணறு இருக்கிறது. எல்லாரும் வந்ததும் அதில் ஒரு செம்பு தண்ணீர் எடுத்து உன்னை அழைப்பது. யார் கிணறும் இல்லை, யார் வீடும் இல்லை. பம்பைக்காரரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவர் வெராண்டாப் படியில் உட்கார்ந்து பம்பையைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் பெரியண்ணன் வந்தான். பஸ்ஸில் இருந்து இறங்கி, பெரியண்ணி பின்னால் பையோடு வர, இரண்டு கையாலும் ஒரு செம்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் நடந்து வருகிறான். செம்பில் பூச்சுற்றி இருக்கிறது.

"இன்னாண்ணா இது?"

"அம்மா. காலையிலயே நம்ம கெணத்துல அழைச்சுட்டேன். கண்டவங் கெணத்துல எங்கம்மாவ நான் அழைக்க மாட்டேன்."

பஸ்ஸில் கண்டக்டர் அது என்ன என்று கேட்டிருக்கிறார். எங்கம்மா என்றிருக்கிறான். லேடீஸ்னா ஃப்ரீதான், ஒக்காருங்க என்று சொல்லிவிட்டாராம். பெரியண்ணி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் விழுப்புரம் வேன் வந்து நின்றுவிட்டது. கதவு திறந்தது. முதலில் இறங்கியது சின்னண்ணன். அவன் கையிலும் பூச்சுற்றிய செம்பு. தென்பெண்ணை ஆற்றில் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்து அழைத்திருக்கிறான், தனியாக ஒரு பம்பைக்காரரை வைத்து.

ஆக, நீ இரண்டு பேராக வந்து வாசலில் நின்றாய்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். அழைத்த செம்பைப் படையல் போடுகிற இலையில் இறக்குகிற வரைக்கும் தரையில் வைக்கக் கூடாது, கை மாற்றவும் கூடாது. வெராண்டாவில் நான் விரித்து வைத்திருந்ததோ ஒரே இலை, ஒரே குவியல் பச்சரிசி. இரண்டு பேரும் அந்த இலைக்கு முன்னால் வந்து நின்றார்கள். இறக்கினால் என் செம்புதான் இறங்கும் என்று இரண்டு முகமும் சொல்கிறது. சண்டை போட வேண்டும், ஆனால் கையை நீட்டிப் பேச முடியாது. துண்டை உதறித் தோளில் போட முடியாது. பெரியண்ணனுக்கு வேட்டி வேறு நெகிழ ஆரம்பித்துவிட்டது. பெரியண்ணி ஓடி வந்து பின்னால் நின்று இழுத்துக் கட்டிவிட்டாள். தம்பியிடம் பேசுவதில்லை என்பதால் அவன் என்னைப் பார்த்துக் கத்தினான், சின்னண்ணனும் என்னைப் பார்த்தே கத்தினான்.

"சொல்லுடி அவங்கிட்ட. அது வெறுந்தண்ணி. அம்மா காலையிலயே எங்கூட வந்துட்டாங்க."

"நீ சொல்லு அவருகிட்ட. ஆத்துல கற்பூரம் அணையாம நின்னுச்சு. அம்மா வந்ததுக்கு வேற இன்னா சாட்சி வேணும்?"

பம்பைக்காரர் பம்பையை மடியில் வைத்துவிட்டார். "யம்மா, இத்தினி வருசத்துல இப்படி ஒரு பேஜார நான் பாத்ததில்ல. எந்தச் செம்புக்கு நான் அடிக்கிறது?" என்றார்.

திவ்யா தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். அழவில்லை. கழுத்தில் இருந்த சங்கிலியைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. இரண்டில் ஒரு செம்பு வெளியே போனால் அவள் மணையில் உட்கார மாட்டாள்.

ரீட்டா என் காதருகே வந்தாள். மேடம் போய் அக்கா ஆகியிருந்தது. "ரெண்டுலயும் ஒரே அம்மாதானேக்கா?" என்றாள். "எங்க வீட்டுலயும் கல்லறைத் திருநாளுக்கு எங்க மாமாங்க ரெண்டு பேரும் தனித்தனியா வந்து மெழுகுவத்தி ஏத்துவாங்க. பேச மாட்டாங்க. கல்லறை என்னமோ ஒண்ணுதான். கொஞ்ச நேரம் போனா ரெண்டு மெழுகும் உருகி ஒண்ணாயிடும்."

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது அம்மா. அவள் மேல் இல்லை, இவன்கள் மேல். விறுவிறுவென்று வண்டிக்குப் போய், கடையில் இருந்து கொண்டு வந்திருந்த பித்தளைத் தவலையை எடுத்து வந்தேன். கழுவினேன், மஞ்சள் தடவினேன், இலையின் நடுவில் பச்சரிசி மேல் வைத்தேன்.

"ஊத்துங்க," என்றேன்.

இரண்டு பேரும் விழித்தார்கள்.

"வீட்டுக்கு ஒரு அம்மான்னு நமக்கு ரெண்டு பேரா இருந்தாங்க? கெணத்துல அழைச்சாலும் ஆத்துல அழைச்சாலும் அதேதான் வந்திருக்கும். ரெண்டு பேரும் ஒண்ணா ஊத்துங்க. ஊத்த மாட்டேன்னா அப்படியே செம்பத் தூக்கிகினு கல்யாணம் முடியற வரைக்கும் நில்லுங்க. எனக்கொண்ணும் இல்ல."

யார் முதலில் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னண்ணன் செம்பில் தண்ணீர் தளும்பியது. எவ்வளவு நேரம்தான் ஒரு செம்பைச் சாயாமல் பிடிக்க முடியும்? பெரியண்ணன் அவனை நிமிர்ந்து பார்த்தான். செம்பைத் தவலையின் வாய்க்கு மேல் கொண்டு வந்து வைத்துக்கொண்டு, ஊற்றாமல் காத்திருந்தான். சின்னண்ணனும் கொண்டு வந்தான். இரண்டும் ஒன்றாகச் சாய்ந்தன. திவ்யா தூணை விட்டு வந்து தவலையைச் சுற்றிப் பூவைக் கட்டினாள். பம்பைக்காரர் அடித்த அடியில் ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

படையல் பிரமாதம். வடை, கொழுக்கட்டை, உனக்குப் பிடித்த கேப்பை அடை, வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. இரண்டு அண்ணன்களும் தனித்தனியாகப் புடவை எடுத்து வந்திருந்தார்கள். இரண்டையும் வைத்தோம். அப்பாவுக்கு ஒரே ஒரு வேட்டி. அவரை யார் அழைப்பது என்று இந்த வீட்டில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை, பாவம் மனுஷன்.

கற்பூரம் ஏற்றி, வந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லு தாயே என்று பம்பைக்காரர் தொண்டை கிழியப் பாடினார். யார் மேலாவது அருள் வந்து நீ பேசுவாய், இரண்டு பேரையும் நாலு கேள்வி கேட்பாய் என்று நான் காத்திருந்தேன். சின்னண்ணி லேசாக ஆடுகிற மாதிரி இருந்தது, பார்த்தால் கொசு. நீ யார் மேலும் வரவில்லை. உயிரோடு இருந்தபோதும் பஞ்சாயத்து என்றால் எழுந்து அடுப்படிக்குப் போகிறவள்தானே நீ. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. சரி, இந்தப் பொம்பளை எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நான் அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டியும் வரவில்லை.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கூடத்துக்குள் வந்தோம். இத்தனை பேர் நுழைந்ததும் கூடம் புழுக்கமாகிவிட்டது. ஃபேன் சுவிட்சைப் போட்டால் உர்ரென்று முனகுகிறதே தவிர சுற்றவில்லை. ரீட்டா அறைகளில் ஏசி ஓடுகிறது, போய்ப் படுங்கள் என்றாள். யாரும் நகரவில்லை. பெரியண்ணன் பாயில் மல்லாந்து படுத்து, அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எங்களில் யாரையும் பார்க்காமல், உத்தரத்தைப் பார்த்துச் சொன்னான்.

"டேய், அது இன்னாடா சுத்த மாட்டேங்குது?"

அம்மா, அந்த டேய். எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு. சின்னண்ணன் விழுப்புரத்தில் வயரிங் வேலை செய்கிறவன் இல்லையா, அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "கண்டன்சர் போயிருக்கும்" என்றான். கொஞ்சம் விட்டு, "ண்ணா" என்று சேர்த்தான்.

"ஆணி மட்டும் அடிக்காதீங்க" என்று ரீட்டா சொன்னாள். பந்தல் போடுகிற ஏணி என் வண்டியில் இருந்தது. எங்கே போனாலும் கூடவே கொண்டு போகிற வேலைப் பையில் இருந்து ஒரு கண்டன்சரை எடுத்துக்கொண்டு சின்னண்ணன் ஏறினான். ஏணி பலகைத் தரையில் வழுக்கியது. பெரியண்ணன் எழுந்து போய் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஒருவன் மேலே, ஒருவன் கீழே. முகத்தோடு முகம் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் பேச வந்ததோ என்னவோ.

"அம்மாவ நான் புடிச்சு வெக்கலடா," என்றான் பெரியண்ணன், ஏணியின் படியைப் பார்த்துக்கொண்டு. "அதுதான் வர மாட்டேன்னுச்சு. ஒங்கிட்ட சொல்லாதன்னுச்சு. நீ வருத்தப்படுவியாம்."

சின்னண்ணன் மேலே ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"தெரியும்ணா," என்றான் சின்னண்ணன். "கற்பகம் சொல்லிச்சு. அப்பவே தெரியும்." கழற்றிய ஸ்குரூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எங்கூட்டுக்கு வர மாட்டேன்னுச்சேன்னு எனக்குத் தாங்கல. அந்தக் கோவத்த யாருகிட்ட காட்றது, ஒன்னத் தவுர?" என்றான்.

பெரியண்ணன் ஏணியை விடவில்லை. "ஜல்தி மாட்டுடா. கை வலிக்குது" என்றான்.

ஃபேன் சுற்றியது. மண்டபத்தில் தாலி கட்டினால்கூட இப்படிக் கை தட்டியிருக்க மாட்டோம். அறையில் இருந்த கட்டில் ஒன்றிலும் யாரும் படுக்கவில்லை. எல்லாரும் அந்தக் கூடத்திலேயே, ஃபேனுக்குக் கீழே, பாயைப் போட்டு வரிசையாகப் படுத்தோம். ரீட்டாவையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, திவ்யா பக்கத்தில் படுக்க வைத்துவிட்டோம். எல்லாரும் என்று நீ சொன்ன கணக்கில் அவள் இல்லை, பரவாயில்லை.

உடனே எல்லாம் தேனும் பாலும் ஆகிவிட்டது என்று நினைக்காதே. காலையில் எழுந்ததும் தவலைத் தண்ணீரை எங்கே விடுவது என்று ஒரு ஆட்டம் நடந்தது. ஏரியில் என்றான் ஒருவன், கிணற்றில் என்றான் மற்றவன். கடைசியில் அவரவர் செம்பில் பாதிப் பாதி பிடித்துக்கொண்டு போனார்கள். பெரியண்ணன் நம் கிணற்றில் விட்டான். சின்னண்ணன் மாடியில் தொட்டிச் செடிக்கு விட்டானாம். ஆற்றுத் தண்ணீர் நம் கிணற்றுக்கும், கிணற்றுத் தண்ணீர் அந்த மாடிக்கும் போய்ச் சேர்ந்தது. மாடி ஒத்துக்காது என்று சொன்னவள் நீ, இப்போது எப்படி இருக்கிறது?

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. ஏணியில் பேசியது வீட்டுக்குள் பேசியது. பெரியண்ணன் ஊர் முன்னால் என்று சொன்னானே. அவன் அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் கல்யாணத்தன்று மண்டபத்துக்குள் வந்ததில் இருந்து நம் ஊர்க்காரர்கள் பக்கம் போகாமல், பந்தி பரிமாறுகிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். உன் சாவுக்கு வந்திருந்த அத்தனை பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்ட காதுகள் அவை. நான் பாத்திரத்தை எண்ணுவதுபோல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாலி கட்டி முடித்ததும் மாப்பிள்ளையின் பாட்டனார் ஒருவர் சின்னண்ணனிடம் மரியாதைக்குக் கேட்டார், பெண்ணின் அப்பாவைப் பெற்ற ஆயா இந்தக் கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே, கடைசியில் யாரிடம் இருந்தார்கள் என்று. மேளம் அப்போதுதான் நின்றிருந்தது. சின்னண்ணன் மணையை விட்டு எழுந்தான். மேடை ஓரத்துக்கு வந்தான். பரிமாறுகிற இடத்தில் நின்ற பெரியண்ணனைக் கை காட்டி, முன்வரிசைக்குக் கேட்கிற குரலில் சொன்னான்.

"தோ, எங்கண்ணங்கிட்டதான் இருந்தாங்க. நான் கூப்ட்டேன், வரல. அங்கதான் நிம்மதின்னு இருந்துட்டாங்க. எங்கண்ணன மாதிரி, எங்கண்ணிய மாதிரி, பெத்த தாய யாரும் பாத்துக்க முடியாது. நான் அன்னைக்குக் கோவத்துல தப்பா பேசிட்டேன்."

பெரியண்ணன் கையில் சாம்பார் வாளி இருந்தது. அதை இறக்கி வைத்தான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நின்றான். தோள் குலுங்கியது. பெரியண்ணி அவன் முதுகில் கை வைத்தாள், அவளுக்கும் முடியவில்லை. அம்மா, உன் சாவில் அழாதவன் அவன். அன்றைக்குத் திவ்யா கல்யாணத்தில் உனக்காக அழுதான். மணையில் இருந்து எழுந்து வந்து அவனைத் தன் அப்பாவிடம் கூட்டிக்கொண்டு போனவள் திவ்யா.

நான்தான் நடத்திக் காட்டினேன் என்று முதலில் எழுதினேன். அது பொய் இல்லை, ஆனால் கடைசிப் பங்கு என்னுடையது இல்லை. அதைச் சின்னண்ணன் தானாகச் செய்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி இந்த வீட்டில் எந்தக் கல்யாணம் வந்தாலும், உன்னை இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து வந்துதான் அழைப்பார்கள். வரவில்லை என்றால் நான் விட மாட்டேன். நீ எழுந்து அடுப்படிக்குப் போய்க்கொள், பஞ்சாயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பிள்ளைகளுக்குத் தங்கையாகப் பிறந்து, இப்போது அவர்களுக்குத் தாயாகவும் ஆகிவிட்ட உன் மகள்,
கற்பகம்